லாயருக்குப் படிக்கும் நம் பிள்ளைகள்: மலேசியச் சட்டக் கல்வி தலைமுறைதோறும் மாறிய வரலாறு

1912-ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி செல்லும் வயதில், அதாவது 7 முதல் 14 வயதுக்குள், பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ ஒரு தோட்டத்தில் இருந்தால், தோட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் அமைத்துத் தரவேண்டும் என்று அது சொன்னது. 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதை வலியுறுத்தியது. அந்த நான்கு மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. செரம்பானைச் சுற்றி, தெமியாங் பக்கமும் சரி, அதைத் தாண்டிய ரப்பர் காடுகளிலும் சரி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்குப் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது. ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அத்தாப்புக் கொட்டகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ வாத்தியார்! பல இடங்களில் பள்ளி என்றால் அவ்வளவுதான்.

கவனியுங்கள். லயத்துக்குள் சட்டம் பள்ளிக்கூடமாக வந்து சேர்ந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்துப் படிக்கக்கூடியவர் லயத்தில் ஒருவரும் இல்லை. துரைக்குத் தெரியும், பெரிய கிராணிக்கு அரைகுறையாகத் தெரியும். பெரட்டில் நின்ற நம் முன்னோருக்குத் தெரிந்ததெல்லாம் 'லேபர் ஆபீஸ்' என்ற ஒரு சொல்தான்.

அந்தக் கொட்டகைப் பள்ளியின் பிள்ளைக்கும் சட்டப் புத்தகத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது, அது எப்படிக் குறைந்தது என்பதைப் பார்ப்போம். இன்னொன்றும் உண்டு. யார் படிக்கிறார்கள், எங்கே படிக்கிறார்கள், எந்த மொழியில் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் அதே வரி வேறு பொருள் தருகிறது. உரையாசிரியர்களைப் படித்த நமக்கு இது புதிதல்ல. அங்கே மாறுவது உரை. இங்கே ஒருவருடைய வேலையும் வீடும் பள்ளியும் அதனோடு சேர்ந்து மாறும்.

முதல் தலைமுறையின் வகுப்பறை லண்டனில் இருந்தது. மலாயாவில் சட்டக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் கப்பலேறி லண்டனுக்குப் போய், அங்குள்ள 'இன்' எனப்படும் நான்கு சட்டச் சங்கங்களில் ஒன்றில் சேரவேண்டும். தேர்வு எழுதுவதோடு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் அங்கே இரவு விருந்து சாப்பிட்டிருக்கவும் வேண்டும்! வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் அதுதான் விதி. மூத்த வழக்கறிஞர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பழகுவதும் படிப்பின் ஒரு பகுதி என்று கருதினார்கள். நம் ரிங்கிட் நோட்டில் இருக்கும் முகத்தைப் பாருங்கள். நாட்டின் முதல் மாமன்னர், நம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த துவாங்கு அப்துல் ரஹ்மான், அப்படி இன்னர் டெம்பிளில் படித்துப் பாரிஸ்டர் ஆனவர். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் அதே சங்கம்தான். அரச குடும்பமும் வசதி படைத்த வணிகக் குடும்பங்களும் போன பாதை அது. பால்மரம் வெட்டியவரின் பிள்ளை போகும் பாதை இல்லை.

படிப்பு லண்டனில் என்றாலும், படித்துவிட்டு வந்து கையாண்ட சட்டத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. இதை மாணவர்களுக்குச் சொன்னால் பெரும்பாலும் நம்பமாட்டார்கள். மெக்காலே 1837-இல் வரைவு தயாரித்து, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்துக்கு மாதிரியானது. பிறகு மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றியதுதான் 1899-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த ஒப்பந்தச் சட்டம். சாட்சியச் சட்டமும் அப்படியே. ஆக, நம் தாத்தா பாட்டி வந்த அதே கடல்வழியில்தான் சட்டமும் வந்தது. நம் ஆட்கள் கீழ்த்தட்டில் வந்தார்கள், அது மேல்தட்டில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிவு எண்கூட மாறவில்லை. கொலைக்கு 302, மோசடிக்கு 420. தமிழ்ப் படங்களில் 'ஃபோர் ட்வென்ட்டி' என்று திட்டுகிறார்களே, அந்த எண் இங்கும் அதே குற்றத்துக்குத்தான். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தியா 1 ஜூலை 2024 முதல் பழைய தண்டனைச் சட்டத்தைக் கைவிட்டு, பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதிய சட்டத்துக்கு மாறிவிட்டது. அங்கே இப்போது கொலைக்கு 103, மோசடிக்கு 318. பிறந்த வீட்டில் எண் போய்விட்டது, புகுந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. நம் சட்ட மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்திய விளக்க நூல்களைப் புரட்டித்தான் பிரிவு வாரியாகத் தீர்ப்புகளைத் தேடினார்கள். இனி வரும் இந்தியத் தீர்ப்புகள் புதிய எண்களோடு வரும். அதனால் இப்போது படிக்கிற பிள்ளைகள், இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆய்வு செய்யவேண்டிய முதல் தலைமுறை ஆகிறார்கள்.

ஆய்வு என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பஷீர் மல்லால். இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வந்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்த்தவர். சட்டப் பட்டம் இல்லாதவர். தீர்ப்புகளைத் தேடித் தொகுத்துப் பழகி, 1932-இல் 'மலாயன் லா ஜர்னல்' என்ற இதழைத் தொடங்கினார். அவர் பெயராலேயே வழங்கும் தீர்ப்புச் சுருக்கத் தொகுதியையும் உருவாக்கினார். இன்றும் நம் நீதிமன்றங்களில் வழக்கின் பெயருக்குப் பின்னால் வரும் 'எம்.எல்.ஜே.' என்ற மூன்று எழுத்து அந்தக் கிராணி தொடங்கிய இதழைத்தான் குறிக்கிறது. பாரிஸ்டர்கள் பேசிப் பேர் வாங்கினார்கள். அவர்கள் பேசுவதற்கு வேண்டியதை அடுக்கிக் கொடுத்தவர் பட்டமில்லாத ஓர் எழுத்தர். நம் வரலாற்றுப் பாடங்களில் இவர் பெயர் வருவதில்லை, வந்திருக்க வேண்டும்.

தோட்டத்திலும் பட்டமில்லாத சட்டப் படிப்பு ஒன்று நடந்தது. 1946-இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் பி.பி.நாராயணன். 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயிற்று. அதன் அதிகாரிகள் சம்பள ஒப்பந்தம், வேலைநீக்கம், நஷ்டஈடு என்று நாள்தோறும் சட்டத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1967-இன் தொழிலியல் உறவுச் சட்டப்படி, தொழில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்ற வேண்டுமானால் தலைவரின் அனுமதி வேண்டும். சங்க அதிகாரி தோன்றலாம். ஆகவே சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போன சங்கத்து ஆட்கள் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பாட்டாளிக்குக் கிடைத்த சட்டக் கல்லூரி அதுதான் என்பேன்.

உள்நாட்டுச் சட்டக் கல்வி 1950-களின் பின்பாதியில் தொடங்கியது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை ஏற்பட்டு, 1957-இல் முதல் மாணவர்கள் சேர்ந்து, 1961-இல் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். சட்டத்துறையை உருவாக்கியவர் பேராசிரியர் ஷெரிடன். லண்டனில் கற்பிக்காத ஒன்றை அங்கே கற்பிக்க வேண்டியிருந்தது, அதுதான் இந்த மண்ணின் சட்டம். ஆனால் பாடநூல் எங்கே? இருந்தவை ஆங்கில நூல்களும் இந்திய நூல்களுமே. விரிவுரையாளர்களே தீர்ப்புகளைத் தொகுத்துத் தட்டச்சு செய்து கொடுத்துப் பாடம் நடத்தினார்கள்.

அடுத்து வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், தேர்வு மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1968-இல் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் சட்டப் படிப்பு தொடங்கியது. 1972-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டப்புலம் தோன்றியது. அதன் முதல் புல முதல்வர் அகமட் இப்ராஹிம், முன்பு சிங்கப்பூரின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். 1976-இல் சட்டத் தொழில் சட்டம் நிறைவேறியது. 1983-இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் 1984-இல் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சட்டப் படிப்பு வந்தது.

உள்நாட்டில் படித்து வந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியுமான விசு சின்னதுரை, மலேசிய - சிங்கப்பூர் ஒப்பந்தச் சட்டம் பற்றி 1979-இல் வெளியிட்ட நூல் அதில் முக்கியமானது. நம் நாட்டு வழக்குகளை முன்வைத்து நம் நாட்டு மாணவனுக்கு எழுதிய நூல்.

ஒப்பந்தச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் சந்திக்கும் ஒரு வழக்கு நமக்கும், அதாவது ஆசிரியர்களுக்கும், நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1971-இல் தீர்ப்பான குர்சரண் சிங் வழக்கு. ஆசிரியர் பயிற்சிக்கு அரசாங்கச் செலவில் போன ஓர் இளைஞர், பயிற்சி முடிந்ததும் ஐந்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். காலம் முடியும் முன்பே விலகிவிட்டார். அரசாங்கம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. கையெழுத்துப் போட்டபோது அவர் வயது வராதவர். வயது வராதவரின் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இலேயே, இந்தியாவிலிருந்து போன மொஹோரி பீபி வழக்கில், பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. அந்த இந்திய விதி இங்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒப்பந்தம் செல்லாது. ஆனால் கல்வி என்பது ஒருவரின் வாழ்க்கைக்கு 'அத்தியாவசியம்', அதைப் பெற்றவர் நியாயமான தொகையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. அவர் வேலை செய்த காலத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் பணம் கட்டச் சொன்னார்கள்.

உணவு, உடை, இருப்பிடம் வரிசையில் கல்வியையும் வைத்த தீர்ப்பு அது. நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1976-இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, கல்வி உதவித்தொகை ஒப்பந்தத்தை 'எனக்கு அப்போது வயது வரவில்லை' என்ற காரணத்தால் தள்ளிவிட முடியாது என்று ஆக்கியது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேரும்போது நம்மில் பலர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அந்தக் கத்தைத் தாள் நினைவிருக்கிறதா? அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

மூன்றாம் தலைமுறை இரவில் படித்த தலைமுறை. உள்நாட்டுப் பல்கலைக்கழக இடங்கள் குறைவு. அதிலும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை இன்னும் குறைவு. வெளிநாடு போகப் பணமில்லை. மிஞ்சியிருந்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். பாடத்திட்டம் தபாலில் வரும், தேர்வை இங்கேயே எழுதலாம். பகலில் கிராணி, சங்க அதிகாரி, போலீஸ்காரர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஆம், ஆசிரியரும்தான். மாலையில் தனியார் கல்லூரி வகுப்பு, இரவு சமையலறை மேசையில் ஆங்கிலேயச் சட்டம். 1980-களிலும் 90-களிலும் கோலாலம்பூரில் இதற்கென்றே தனியார் கல்லூரிகள் வளர்ந்தன. பிரிக்பீல்ட்ஸ் பெயரையே தாங்கிய சட்டக் கல்லூரியும் அவற்றில் ஒன்று. தோட்டப் பின்னணியிலிருந்து வந்த வழக்கறிஞர்கள் பலர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

நுழைந்த பிறகு ஒரு சுவர். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர்கள் இங்கே தொழில் செய்ய, 1984 முதல் சி.எல்.பி. எனும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வில் தேறவேண்டும். ஐந்து தாள்கள். அதன்பின் ஒன்பது மாதப் பயிற்சி. இந்தத் தேர்வு பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. நினைவாற்றலை அளவுக்கு மீறிச் சோதிக்கும் தேர்வு அது. லண்டன் பாடத்திட்டம் 'காரணம் காட்டு, வாதம் செய்' என்று கேட்கும். சி.எல்.பி. தாள் பிரிவு எண்ணையும் வழக்கின் பெயரையும் கேட்கும். இரண்டுக்கும் தாவ முடியாமல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதியவர்களை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். 'லாயருக்குப் படிச்சான், இன்னும் முடியல' என்ற பேச்சு எத்தனை கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறோம்! படிக்காமல் போனவர்கள் அல்ல அவர்கள். இரண்டு விதமான படிப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

மொழியும் மாறியது. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய தேசியமொழி வழிக் கல்வி 1983-இல் பல்கலைக்கழகத்தை எட்டியது. 1990-இல் தேசியமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு மலாய்மொழியே பொதுவிதியாயிற்று. தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு நீதிமன்றம் இடம் தரலாம். லண்டன் பட்டக்காரர்கள் மலாய்மொழியில் மனு எழுதக் கற்றுக்கொண்டார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் சட்டம் படித்த நம் பிள்ளைகளுக்கு இது சுமையாகவும் இருந்தது, பலமாகவும் இருந்தது. மூன்று மொழியில் ஒரே வாக்கியத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மற்றவன் காணாதது கண்ணில் படும்.

ஒரு சான்று. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி, சட்டப்படி அல்லாமல் ஒருவருடைய உயிரைப் பறிக்கக்கூடாது என்கிறது. மலாய்ப் பிரதியில் உள்ள சொல் 'ஞாவா', அதாவது உயிர். ஆங்கிலப் பிரதியில் உள்ள 'லைஃப்' என்ற சொல்லைத் தமிழில் உயிர் என்றும் எழுதலாம், வாழ்வு என்றும் எழுதலாம். 1996-இல் டான் தெக் செங் வழக்கில் இதுதான் பிரச்சினை. பணிநீக்கம் செய்யப்பட்ட ஓர் ஆரம்பப்பள்ளித் துணைத் தலைமையாசிரியர், கல்விச் சேவை ஆணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், இந்திய உச்சநீதிமன்றத் தீர்ப்புகளின் துணையோடு, அந்தச் சொல் மூச்சை மட்டும் குறிக்காது, பிழைப்புக்கான வேலையும் அதற்குள் அடங்கும் என்று எழுதினார். நம் சொல்லில் சொன்னால், 'உயிர்' என்று படித்துவந்த இடத்தில் 'வாழ்வு' என்று படித்தார். அதற்குமுன் இந்திய நூல்களிலிருந்து நம் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது தண்டனைச் சட்ட விளக்கமும் சாட்சிய விதியும். இப்போது அரசியலமைப்புச் சிந்தனையையும் எடுக்கத் தொடங்கினார்கள். சட்ட ஆய்வின் திசை மாறிய இடங்களில் இது ஒன்று. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் இந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இனி நம் பள்ளிக்கே வருவோம். 152-ஆவது விதி மலாய்மொழியைத் தேசியமொழி ஆக்குகிறது. அதே விதி, அலுவல் நோக்கத்துக்கு அல்லாமல் வேறு எந்த மொழியையும் ஒருவர் பயன்படுத்துவதையோ, வேறு எந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. சீனமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு மெர்டேக்கா பல்கலைக்கழகம் அமைக்க அனுமதி மறுக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் போனது. 1981-இல் உயர்நீதிமன்றமும் 1982-இல் கூட்டரசு நீதிமன்றமும் அனுமதி மறுப்பு சரியே என்றன. கூட்டரசு நீதிமன்றத்தில் ஐவரில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். முக்கியமான காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? விதியில் ஒரு மொழியைக் கற்பிப்பது என்றுதான் இருக்கிறது, ஒரு மொழியில் கற்பிப்பது என்று இல்லை என்பது.

தமிழாசிரியருக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாடு. 'தமிழைக் கற்பித்தல்' வேறு, 'தமிழில் கற்பித்தல்' வேறு. படிவம் ஐந்தில் இதை நடத்தும்போது மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்களே, அந்த 'ஐ' உருபுக்கும் 'இல்' உருபுக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகமே நின்றுபோனது என்று சொல்லிப் பாருங்கள்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து அதே விதி மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. தமிழ், சீனப் பள்ளிகள் இருப்பதே அரசியலமைப்புக்கு முரண், 1996 கல்விச் சட்டத்தில் அவற்றுக்கு இடம்தரும் பிரிவுகள் செல்லாது என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. வழக்குப் போட்டவர்கள் கையில் மெர்டேக்கா பல்கலைக்கழகத் தீர்ப்பு இருந்தது. வேற்றுமை உருபை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடியிருந்தால் நம் பக்கம் தோற்றிருக்கலாம். ஏனென்றால் விதியில் இருப்பது உண்மையில் 'ஐ'தான். ஆனால் வாதம் வாக்கியத்தின் வேறொரு சொல்லுக்கு நகர்ந்தது. 'அலுவல் நோக்கம்' என்றால் என்ன? பள்ளிக்கூடம் அரசாங்க அதிகார அமைப்பா? 29 டிசம்பர் 2021 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, எனவே அங்கே தமிழும் சீனமும் பயிற்றுமொழியாக இருப்பது அலுவல் நோக்கம் ஆகாது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பர் 23-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை உறுதிசெய்தது. முந்தைய தீர்ப்பை ஒதுக்கித் தள்ளவில்லை. அது பல்கலைக்கழகத்தைப் பற்றியது, இது பள்ளியைப் பற்றியது என்று பிரித்துக் காட்டினார்கள். சேனாவரையர் பழைய உரையை மறுக்கும் இடங்களைப் படித்தவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதாகத் தெரியும்.

1912-இல் ஒரு தொழிலாளர் சட்டத்தின் விதியாக வந்த பள்ளிக்கூடத்தை, 2021-இல் சட்டத்தைக் கொண்டே காப்பாற்ற வேண்டியிருந்தது. நடுவில் அந்தச் சட்டத்தைப் படிக்கத் தெரிந்த மூன்று நான்கு தலைமுறைகள் உருவாகியிருந்தன. இந்த வழக்கில் நம் அமைப்புகளும் தங்களை இணைத்துக்கொண்டு வழக்கறிஞர்களை அமர்த்தி வாதாட முடிந்ததற்கு அதுவே காரணம்.

இன்றைய பிள்ளைகளின் படிப்பு வேறு மாதிரி. நூலகத்தில் தோல் அட்டைத் தொகுதிகளைச் சுமந்த காலம் போய்விட்டது. மல்லால் தொடங்கிய இதழே இப்போது இணையத் தரவுத்தளத்தில்தான் தேடப்படுகிறது. உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை நீதித்துறை இணையத்தளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கலாம். தோட்டத்து வீட்டிலிருந்து கைப்பேசியில் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கலாம் என்பது நம் தாத்தாக்களிடம் சொன்னால் நம்பாத சங்கதி. வகுப்பறைகளில் பெண்பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். செரம்பானில் பிறந்த அம்பிகா சீனிவாசன் 2007-இல் வழக்கறிஞர் மன்றத் தலைவரானபோது அப்பதவிக்கு வந்த இரண்டாவது பெண் அவர். 2019-இல் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான துங்கு மைமூன், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்.

வசதி கூடியதில் ஆபத்தும் கூடியிருக்கிறது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த வழக்குகளை மனுவில் சேர்த்தார்கள். அந்த வழக்குகள் உலகத்திலேயே இல்லாதவை! நீதிமன்றம் அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் 2020 தொடக்கத்திலேயே சபா நீதிமன்றத்தில் தண்டனை அளவைப் பரிந்துரைக்க அத்தகைய கருவி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறுதி முடிவு நீதிபதியுடையது என்றாலும் அது பெரிய விவாதமானது. கிராணி மல்லால் ஒவ்வொரு தீர்ப்பையும் கையால் புரட்டிப் பார்த்துச் சுருக்கினார். இன்றைய மாணவனுக்குச் சுருக்கம் ஒரு நொடியில் வருகிறது. மூலத்தைத் திறந்து சரிபார்க்கும் பழக்கம்தான் வரவேண்டும். சொந்தமாக உரைநூல் பார்க்காமல் கைடு புத்தகத்தை நம்பித் தேர்வு எழுதும் நம் மாணவர்களிடம் இதைச் சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறது.

சட்டம் படிக்க நினைக்கும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. எந்த நாட்டில் பட்டம் வாங்கினாலும், இங்கே வழக்கறிஞராகப் பதிவுசெய்ய மலாய்மொழித் தகுதி கேட்கப்படும். ஆகவே எஸ்.பி.எம். மலாய்மொழியில் நல்ல மதிப்பெண்ணைக் கோட்டைவிடாதீர்கள். பணம் கட்டும் முன், சேரப்போகும் கல்லூரியின் பட்டத்தைச் சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்கிறதா என்று வாரியத்தின் பட்டியலிலேயே பாருங்கள். முகவர் சொல்வதை மட்டும் கேட்டுப் பணம் கட்டிவிட்டுத் தவித்த குடும்பங்கள் உண்டு. 'தமிழ் எடுத்தால் லாயருக்கு என்ன பயன்' என்று கேட்கும் பெற்றோரிடம் 152-ஆவது விதியைக் காட்டுங்கள்.

ஆசிரியர்கள் வேற்றுமைப் பாடத்தின்போது இதையே பயிற்சியாகக் கொடுக்கலாம். 152-ஆவது விதியின் மலாய்ப் பிரதியைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லுங்கள். எங்கே 'ஐ' போட்டார்கள், எங்கே 'இல்' போட்டார்கள் என்று இரண்டு குழுவாகப் பிரித்து வாதாட விடுங்கள். என் வகுப்பில் இதற்கு 20 நிமிடம் ஒதுக்கினேன். மணி அடித்த பிறகும் முடியவில்லை.